வேறு யூசரில் சாஃப்ட்வேரை ஓட்டினால் திரை திறக்க மறுக்கிறது, உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை கம்ப்யூட்டர். உபுண்டு லினக்ஸ், திரையைக் கவனிக்கும் எக்ஸார்க் சர்வரில் ஓடும் செஷன். லாகின் ஆவது பில்லிங் யூசர். டெர்மினலில் ‘எஸ்யூ’ போட்டு டிசைன் யூசருக்கு மாறி சாஃப்ட்வேரைத் திறந்தால் “ஆதரைசேஷன் ரிக்வயர்டு” என்று ஒரு வரி, கூடவே “கேனாட் ஓபன் டிஸ்ப்ளே”. எந்தத் திரை என்று சொல்லும் டிஸ்ப்ளே மதிப்பு :0 சரியாகத்தான் இருக்கிறது. குக்கி (திரையைத் திறக்க அனுமதிக்கும் ரகசியச் சாவி) உள்ள எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல் பில்லிங் யூசர் பெயரில், 600 பர்மிஷனில் இருக்கிறது. அடுத்தவரால் படிக்க முடியாது, அதுவரை புரிகிறது.

யார் வேண்டுமானாலும் திரையைத் திறக்கலாம் என்று அனுமதிக்கும் ‘எக்ஸ்ஹோஸ்ட் +’ போட்டால் ஓடுகிறது. ஆனால் அது வாசக்கதவையே கழற்றி வைப்பது மாதிரி. வெள்ளி எடைக் கணக்கு இருக்கிற கம்ப்யூட்டரில் வேண்டவே வேண்டாம். அதே எக்ஸ்ஹோஸ்ட்டில் லோக்கல்யூசர் என்று டிசைன் யூசருக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் ஜோராக ஓடுகிறது, லாகவுட் ஆனதும் போச்சு.

இந்த லோக்கல்யூசர் கமாண்டை லாகின் ஆனதும் தானாக ஓடும்படி ஆட்டோஸ்டார்ட்டில் போட்டுவிடலாமா, இல்லை எக்ஸ்ஆத் என்ற கமாண்ட் வழியாகக் குக்கியை எடுத்து டிசைன் யூசருக்குக் கொடுப்பதா? லாகினுக்கு லாகின் குக்கி மாறுமே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?