‘ஐ லைக் டீ’ சிமிலியா, மிஸ்?

குன்னூர் டியூஷன் மிஸ்:
வீட்டு மாடியில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து வருபவர்கள். போன வாரம் செய்யுள் வரியில் அணி கண்டுபிடிக்கும் பாடம். ‘லைக், ஆஸ் வந்தால் சிமிலி (உவமை), வராவிட்டால் மெட்டஃபர் (உருவகம்)’ என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்க்கலாமே என்று பலகையில் ‘ஐ லைக் டீ’ என்று எழுதினேன். ஒரு பையன் எழுந்து வந்து லைக்குக்கு அடியில் கோடு போட்டு, “சிமிலி, மிஸ்” என்றான். அடுத்து ‘ஆஸ் த மிஸ்ட் க்ளியர்டு, வீ சா த பஸ்’. அதுவும் சிமிலியாம்.

சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு அவன் மேல் இல்லை. சொல்லைத் தேடத்தான் பழக்கியிருக்கிறோம், எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேட்கப் பழக்கவில்லை. புத்தகத்தை மூடச் சொன்னேன்.

“கல்லட்டி வழியா மசினகுடி போனா என்ன வரும்?”

“36 கொண்டை ஊசி, மிஸ்!”

“யார் தலையிலிருந்து விழுந்தது?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஊசி போல வளைந்த ரோடு என்று சொல்லாமல் ரோட்டையே ஊசியாக்கிவிட்டோம், அதுதான் மெட்டஃபர் என்றேன். உடனே அதே பையன், “அப்போ டால்பின்ஸ் நோஸும்தானே மிஸ்? பாறைக்கு ஏது மூக்கு?” என்றான்.

பிளஸ் ஒன் படிக்கும் ஒருத்தி ‘சைனக்டோச்’ என்று ஒரு சொல்லை வாசித்துவிட்டு முழித்தாள். அது சினெக்டகி, ஒரு பகுதியின் பெயரைச் சொல்லி முழுசைக் குறிப்பது. “தலைக்கு ஒரு பழம் கொடுன்னு தமிழில் படிச்சியே, தலையா பழம் தின்னுது?” என்றேன். “ஓ, சினையாகுபெயரா!” என்றாள். மனிதரல்லாததை மனிதர் போலச் சொல்லும் பர்சானிஃபிகேஷனை மட்டும் நேரமில்லாமல் ‘நம்ம தற்குறிப்பேற்றம்தான்’ என்று சொல்லி முடித்துவிட்டேன்.

கோத்தகிரி அம்மா:
என் மகள் அலிட்டரேஷனுக்கு, அதாவது ஒரே சத்தத்தில் தொடங்கும் சொற்களுக்கு, கைட், நைஃப் என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டு வந்தாள். இரண்டும் ‘கே’யில்தானே தொடங்குகிறது என்று ஒரே அழுகை. மோனை மாதிரி முதல் எழுத்தைப் பார் என்று சொல்லிக் கொடுத்தது நான்தான்! தமிழில் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கிறோம், ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, சத்தம் ஒன்று. நைஃபுக்கு நைட்தான் ஜோடி. இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேள் என்கிறேன்.

கொடைக்கானல் தமிழாசிரியர்:
டால்பின் மூக்கு எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

மிஸ், அந்தத் தற்குறிப்பேற்றம் மட்டும் இடிக்கிறது. ‘மேகம் எட்டிப் பார்த்தது’ என்றால் பர்சானிஃபிகேஷன், சரி. தற்குறிப்பேற்றத்துக்கு அது போதாது. இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தன் மனதிலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில்தான் ஆடுகின்றன. இளங்கோவடிகளோ, கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று அவை கை காட்டித் தடுப்பதாகச் சொல்கிறார். இங்கே பில்லர் ராக்ஸ் என்ற தூண் போன்ற பாறைகளைப் பார்க்க வருபவர்கள் பனி மூடிவிட்டது என்று புலம்பிக்கொண்டே திரும்புவார்கள். ‘கூட்டத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பாறை திரை போட்டுக்கொண்டது’ என்று எழுதுங்கள், அது தற்குறிப்பேற்றம். அதில் பர்சானிஃபிகேஷனும் இருக்கிறது, அதனால்தான் இந்தக் குழப்பமே.

குன்னூர் டியூஷன் மிஸ்:
திங்கட்கிழமை முதல் வேலையாகத் திருத்திவிடுகிறேன், சார். பில்லர் ராக்ஸ் வரியை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பையன் ‘ஐ லைக் டீ’க்கு அரை மதிப்பெண்ணாவது போடச் சொல்லி இன்னும் நச்சரிக்கிறான்.