சுக்காய் பிந்து கட்டுறோம், ஓட்டு எங்க?

செந்தூல்காரன் (இரவு 9:12)
அம்மா பேர்ல சுக்காய் பிந்து (வீட்டு வரி) பில் வந்துச்சி, ரெண்டாவது பாதி, ஆகஸ்ட் கடைசிக்குள்ள கட்டணும். அம்மா மூக்குக்கண்ணாடிய போட்டுக்கிட்டு பில்ல முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு, "இந்தக் காச கேக்குறவனுக்கு நாம எப்படா ஓட்டு போட்டோம்?"னு கேட்டாங்க. எனக்கு பதிலே வரல. கேஎல்ல (கோலாலம்பூர்ல) மேயர நியமிக்கிறது கூட்டரசு, அதாவது மத்திய அரசு, கவுன்சிலர்னு யாரும் கிடையாது, ஒரு ஆலோசனை வாரியம் இருக்கு, அதுவும் நியமனந்தான். சட்டமன்றமும் இல்ல. மத்த மாநிலத்துக்காரன் எம்பிக்கு ஒரு ஓட்டுச்சீட்டு, சட்டமன்றத்துக்கு ஒரு ஓட்டுச்சீட்டுன்னு போடுறான், கேஎல்ல ஓட்டு உள்ளவனுக்கு அஞ்சு வருசத்துக்கு ஒரே சீட்டு. 11 எம்பி இருந்தும் பக்கத்து காலி நெலத்துல எத்தன மாடி வரும்னு அவங்களால முடிவு பண்ண முடியாது. ரிம்பா கியாரா பூங்காவ காப்பாத்த டிடிடிஐ (தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்) ஜனங்க ஃபெடரல் கோர்ட்டு, அதான் உச்ச நீதிமன்றம், வரைக்கும் போயி 2023லதான் ஜெயிச்சாங்க. ஒரு பூங்காவுக்கு அவ்ளோ தூரம். ஊராட்சித் தேர்தல், அதாவது மாநகர, நகர மன்றத்துக்கு நாமளே ஆள் தேர்ந்தெடுக்குற தேர்தல், திரும்ப வரணும்னு நான் சொல்றேன், மறுக்குறவங்க வாங்க.

பிறை_பாலம் (9:31)
நான் மறுக்குறேன் பாஸ். எங்க பினாங்கு செபராங் பிறையில கவுன்சிலருங்கள மாநில அரசுதான் நியமிக்குது, யாரும் ஓட்டு போடல. போன வருசம் எங்க தாமான்ல (குடியிருப்புல) லொங்காங் (சாக்கடை) மூடி ஒடஞ்சி மூணாவது வீட்டுப் பாட்டி கால உள்ள விட்டுட்டாங்க, நல்ல வேள சிராய்ப்போட போச்சி. ஃபோட்டோ புடிச்சி கவுன்சிலருக்கு வாட்சாப்ல போட்டேன். மறுநாள் மனுசன் கையில அளவு டேப்போட வந்து குனிஞ்சி அளந்துட்டுப் போனாரு, மூணே நாள்ல புது சிமெண்டு பலகை. தேர்தல் வந்தா போஸ்டர் வரும், கொடி வரும், நாலு கட்சி கூடாரம் வரும். லொங்காங் மூடி வருமா?

செந்தூல்காரன் (9:38)
உங்களுக்கு நல்ல ஆளு வாய்ச்சிருக்காரு அண்ணே, சந்தோசம். நான் முன்ன இருந்த ஊர்ல ஒருத்தரு இருந்தாரு, மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழும். அவர எப்படி மாத்துறது? நீங்களும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது, நியமிச்ச கட்சிக்காரனுக்கு தோணணும்.

ஒன்பதாவது_அட்டவணை (9:55)
சண்டைக்கு முன்னாடி சட்டத்த ஒரு தடவ பாத்துருவோம், ஏன்னா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அரசியலமைப்போட ஒன்பதாவது அட்டவணையில ஊராட்சி மாநிலப் பட்டியல்லதான் இருக்கு, கூட்டரசுப் பிரதேசம் மட்டும் விதிவிலக்கு. அந்தப் பட்டியல்ல ஊராட்சித் தேர்தல்னு வார்த்தையாவே எழுதியிருக்கு. அப்ப பினாங்கு தானே நடத்திக்கலாமேன்னு தோணும். ஆனா 76(4) பிரிவுன்னு ஒன்னு இருக்கு, மாநிலங்களுக்குள்ள சட்டம் ஒரே மாதிரி இருக்கணும்னா நெலம், ஊராட்சி ரெண்டுக்கும் நாடாளுமன்றமே சட்டம் போடலாம். அப்படி வந்ததுதான் 1976 ஊராட்சிச் சட்டம், 171ஆவது சட்டம். அதோட 10ஆவது பிரிவு தலைவரத் தவிர 8லேருந்து 24 கவுன்சிலர் வரைக்கும் மாநிலம் நியமிக்கட்டும்னு சொல்லுது, 15ஆவது பிரிவு தேர்தல் சம்பந்தமா எந்தச் சட்டம் இருந்தாலும் இனிமே செல்லாதுங்குது. பினாங்கு 2012ல சொந்தமா தேர்தல் சட்டம் போட்டு பாத்தாங்க, 2014ல ஃபெடரல் கோர்ட்டு ஆகாதுன்னுடுச்சி. சாவி மாநிலத்துக்கிட்ட, பூட்டு கூட்டரசுகிட்ட. சபா சரவாக் கத தனி, அங்க சொந்தச் சட்டம், ஆனா அங்கயும் நியமனந்தான்.

பிறை_பாலம் (10:04)
சட்டம் கெடக்கட்டும். நம்ம ஜனத்தோட கணக்க பாருங்க. இப்ப நியமனம்ங்கிறதாலதான் ஒவ்வொரு மன்றத்துலயும் ஒன்னு ரெண்டு இந்தியர் உக்காந்துருக்காங்க, கோயில் விசயமோ தமிழ்ப்பள்ளி பக்கத்து ரோட்டு விசயமோ போயி பேச ஒரு மொகம் இருக்கு. வார்டு வார்டா தேர்தல் வச்சா நாம மெஜாரிட்டியா இருக்குற வார்டு எத்தன தேறும்? விரல் விட்டு எண்ணிரலாம். உள்ளதும் போச்சுன்னு ஆயிரும்.

கெராமாட்_அக்கா (10:20)
தம்பி பிறை, பூலாவ் திக்குஸ் பக்கம் ஜாலான் டி.எஸ். ராமநாதன்னு ஒரு ரோடு இருக்கே, பழைய ஸ்காட் ரோடு, அந்த வழியா போயிருக்கியா? யாரு அந்த ராமநாதன்னு யோசிச்சியா? 1957ல ஜோர்ஜ்டவுன் மாநகரமானப்ப முதல் மேயரு அவருதான், தொழிற்கட்சி. ஊர்ல அதிகம் யாரு? சீனவங்க. அவங்க ஓட்டும் சேந்துதான் அந்தக் கட்சி ஜெயிச்சிது. நியமனத்துல நமக்கு கெடைக்கிறது மூலையில ஒரு நாற்காலி, தேர்தல்ல நம்மாளுக்கு கெடைச்சது நடு நாற்காலி. ஜோர்ஜ்டவுன்ல 1857லயே முனிசிபல் தேர்தல் நடந்துருக்கு, 1913ல நிறுத்துனாங்க, 1951ல திரும்ப ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்துல கரண்டும் பஸ்ஸும் கவுன்சிலே ஓட்டுச்சி, இப்ப இருக்குற மன்றத்துக்கு அதுல பாதி அதிகாரம் இருக்கா சொல்லு.

பிறை_பாலம் (10:33)
அக்கா, ராமநாதன கவுன்சிலருங்கதான் மேயரா ஆக்குனாங்க, ஜனங்க நேரா இல்ல. அப்புறம் என்னாச்சி? 1966ல ஊழல், நிர்வாகக் கோளாறுன்னு சொல்லி அந்த கவுன்சிலோட வேலைய மாநில அரசு எடுத்துக்கல? தேர்ந்தெடுத்தவன்னா சுத்தம்னு ஒன்னும் கிடையாது.

கெராமாட்_அக்கா (10:41)
சுத்தம்னு நான் எப்பப்பா சொன்னேன். ஆனா கவுன்சில் எதிர்க்கட்சி கையில, மாநிலம் ஆளுங்கூட்டணி அலையன்ஸ் கையில, அதையும் சேத்து சொல்லு. தேர்தல 1965 மார்ச்ல கொன்ஃப்ரொந்தாசிய (இந்தோனேசியாவோட நடந்த மோதல) காட்டி நிறுத்துனாங்க, சண்டை அடுத்த வருசமே முடிஞ்சிருச்சி, தேர்தல் மட்டும் இன்னும் வரல. அந்த 1965லயே ஒரு அரச விசாரணை ஆணையம் வச்சாங்க, தலைவரு நம்ம செனட்டர் ஆதி நாகப்பன், நேதாஜி படையில இருந்த ஜானகி அம்மாவோட வீட்டுக்காரரு. அவரே தேர்தல் வேணும்னுதான் எழுதிக் குடுத்தாரு. அறிக்கை அலமாரிக்குப் போச்சி, 1976 சட்டம் வந்துச்சி.

செந்தூல்காரன் (10:46)
அக்கா 👏 கேஎல்லயும் 1952ல தேர்தல் நடந்துச்சு, எங்களுக்கு 1961லயே புடுங்கிட்டாங்க.

ரோத்தி_பாக்கார் (10:52)
இந்தியாவ பாருங்க, 1992லயே 74ஆவது திருத்தம் போட்டு நகராட்சித் தேர்தல் கட்டாயம்னு அரசியலமைப்புலயே எழுதிட்டாங்க. நாம இன்னும் கெஞ்சிக்கிட்டு இருக்கோம்.

பிறை_பாலம் (10:57)
எழுதுனாங்க சரி, நடந்துச்சா? தமிழ்நாட்டுல 2011க்கு அப்புறம் நகர்ப்புறத் தேர்தல் 2022ல. சென்னை மாநகராட்சி அதுக்கும் முன்னாடி 1973லேருந்து 1996 வரைக்கும் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாம அதிகாரிங்க கையில கெடந்துச்சி. சட்டத்துல இருந்தாலும் மேல உள்ளவனுக்கு மனசு வரணும்.

ஒன்பதாவது_அட்டவணை (11:05)
இது நியாயமான பாயிண்ட். இன்னொன்னு, தேர்ந்தெடுத்தவன் கையில என்ன இருக்கப் போவுது? குப்பைய எடுத்துக்குங்க, 2007ல ஒரு சட்டம் போட்டு 2011லேருந்து கேஎல் உட்பட அதுல சேந்த எடத்துல குப்பை கூட்டரசுக்குப் போயிருச்சி, பினாங்கு சேரல, அங்க மன்றமே பாத்துக்குது. கழிவுநீர் கூட்டரசு. தண்ணி மாநிலக் கம்பெனி. ரோட்டுக்குழின்னா கூட்டரசு ரோடா, மாநில ரோடா, மன்றத்து ரோடான்னு குழிகிட்டயே கேக்கணும். கவுன்சிலர் ஓட்டு வாங்கிட்டு வந்து "அது என் துறை இல்ல"ன்னு சொல்றதுக்கா தேர்தல்?

செந்தூல்காரன் (11:11)
அதுக்குத்தான் தேர்தல்ங்கிறேன். நியமன ஆளுக்கு அதிகாரம் கம்மியா இருந்தா நிம்மதி, திட்டு வாங்க வேணாம். ஓட்டு வாங்குனவனுக்கு அடுத்த தடவ பயம் இருக்கும், எனக்கு அதிகாரம் குடுன்னு அவனே மேல சண்டை போடுவான். 2018 டிசம்பர்ல அப்போதைய பிரதமர் மகாதீர் ஊராட்சித் தேர்தல் வந்தா இனப் பிரச்சன வரும்னு சொல்லி மூடுனாரு. எம்பி தேர்தல்ல வராத இனப் பிரச்சன லொங்காங் தேர்தல்ல வந்துருமா?

பிறை_பாலம் (11:18)
சரி தம்பி ஒன்னு கேக்குறேன் நேரா பதில் சொல்லு. 2022 நவம்பர்ல ஓட்டு போட்டியே, உன் கையில எத்தன சீட்டு குடுத்தாங்க?

செந்தூல்காரன் (11:26)
...ரெண்டு.

பிறை_பாலம் (11:27)
கேஎல்ல ஒன்னுதானே? பினாங்குல எங்களுக்கே அன்னைக்கு ஒன்னுதான், சட்டமன்றத்துக்கு 2023 ஆகஸ்ட்லதான் போட்டோம். ரெண்டு குடுத்தது பேராக், பகாங், பெர்லிஸ். உனக்கு எந்த ஊரு?

செந்தூல்காரன் (11:30)
பேராக்தான், சுங்கை சிப்புட். ஐசில (அடையாள அட்டையில) இன்னும் அந்த அட்ரஸ்தான். அம்மாவுக்கும்.

பிறை_பாலம் (11:34)
அதான் கேட்டேன். கேஎல்ல செந்தூல், பிரிக்பீல்ட்ஸ்லாம் பாதிப் பேரு தேர்தலுக்கு ஊருக்குப் போற கேஸு. நாளைக்கே கேஎல்ல ஊராட்சித் தேர்தல் வச்சாலும் உனக்கு ஓட்டு இல்ல. சுக்காய் பிந்து கட்டுறவனுக்கு ஓட்டா, ஐசி அட்ரஸ் உள்ளவனுக்கு ஓட்டா, வாடகைக்கு இருக்குறவனுக்கு என்ன, ஒருத்தரும் இத பேச மாட்டேங்குறீங்க.

கெராமாட்_அக்கா (11:39)
இது சரியான கேள்விதான், ஒத்துக்குறேன். ஆனா அதுக்காக தேர்தலே வேணாம்னு ஆயிராது தம்பி. வாக்காளர் பட்டியல சரி பண்ணுங்கன்னுதான் ஆவுது.

ரோத்தி_பாக்கார் (11:41)
செந்தூல் பாஸு மாட்டிக்கிட்டாரு 😂

செந்தூல்காரன் (11:58)
மாட்டுனது உண்மைதான். இப்பதான் அம்மாகிட்ட கேட்டேன், ஐசில செந்தூல் அட்ரஸ் மாத்திட்டு ஓட்டையும் இங்க கொண்டாந்துரலாமான்னு. டிவிய சத்தம் கொறச்சிட்டு என்ன ஒரு பார்வ பாத்தாங்க. "மாத்திட்டா தேர்தலுக்கு ஊருக்கு எப்படிடா போறது? மாமா வீட்ட வேற எப்ப பாக்குறது?"ன்றாங்க.

பிறை_பாலம் (இரவு 12:03)
😄 அம்மாகிட்ட நான் வாதாட மாட்டேன். பில்ல கட்டிட்டியா?

செந்தூல்காரன் (12:05)
இன்னும் இல்ல அண்ணே. நாளைக்கு.