மறு: கார் லீஸ்: குத்தகையா, வாடகையா, ஒத்தியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் அலுவலகத்தில் கார் லீஸ் திட்டம் வந்திருக்கிறது. நிறுவனம் ஒரு லீஸ் கம்பெனியிடமிருந்து காரை எடுத்துத் தரும். மாதத் தொகை, வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கழியும். இதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வைத்தால், வீட்டில் இருப்பவர்களும் படித்துவிட்டு எந்த கார் எடுக்கலாம் என்று சேர்ந்து முடிவு செய்யலாமே என்று நினைத்தோம். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டோம்.

பெங்களூரில் லீஸ் என்றால் எல்லாருக்கும் தெரிந்தது லீஸ் வீடுதான். மொத்தமாகச் சில லட்சம் கொடுக்க வேண்டும், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது கொடுத்த பணம் திரும்பி வரும். கார் லீசில் எல்லாம் தலைகீழ். பெரிய முன்பணம் பெரும்பாலும் இல்லை, மாதாமாதம் கட்ட வேண்டும், கட்டியது திரும்பாது. அதனால் 'லீஸ்' என்று அப்படியே எழுதினால் படிக்கிறவர்கள் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

எனக்குத் தமிழ்ச் சொல் வேண்டியவை: லீஸ், ஆப்பரேட்டிங் லீஸ் (முடிவில் கார் திரும்பிப் போய்விடும்), ஃபைனான்ஸ் லீஸ் (முடிவில் காரை நாமே எடுத்துக்கொள்வோம்), ரெசிடுவல் வேல்யூ (லீஸ் முடியும்போது காருக்கு வைக்கும் மதிப்பு). அப்புறம், நடுவில் வேலையை விட்டால் கட்டச் சொல்வார்களே, அந்த ஃபோர்குளோஷர் சார்ஜ்.

அன்புடன்,
பெல்லந்தூரிலிருந்து

---

தம்பிக்கு வணக்கம்.

லீஸ் வீட்டுக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ஒத்தி. சில ஊர்களில் போகியம் என்பார்கள். இங்கே கன்னடத்தில் 'போக்ய' என்று வீட்டு வாசலில் பலகை தொங்குகிறதே, அது போகியத்தின் உடன்பிறப்புதான். ஒத்தியை வீட்டுக்கே விட்டுவிடுவோம்.

காருக்குக் குத்தகை போதும், புதிதாக எதையும் தேட வேண்டாம். நிலத்தில் வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. குத்தகை என்றால் பேசிய அளவு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். கார் விஷயமும் அதுவே. தினமும் வெளிவட்டச் சாலையில் உருட்டினாலும், அடுக்குமாடியின் அடித்தளத்தில் தூசி படிய நிறுத்தினாலும் மாதத் தொகை குறையப் போவதில்லை.

வாடகை வேண்டாம் என்பது என் கட்சி. வாடகைக் கார் என்றதும் மஞ்சள் பலகை டாக்சி நினைவுக்கு வரும். நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. அலுவலக லீஸ் வண்டியோ சாதாரண வெள்ளைப் பலகையோடு வரும், பார்த்தால் சொந்த வண்டி மாதிரியே இருக்கும்.

ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. கன்னடத்தில் 'குத்திகெ' என்றால் ஒப்பந்தம், குத்திகெதாரர் என்றால் கான்ட்ராக்டர். இங்கே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்த பிள்ளைகள் 'குத்தகைக் கார்' என்பதைக் கான்ட்ராக்ட் வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் பத்தியில் ஒரு வரி விளக்கம் போட்டால் தீர்ந்தது. பக்கத்து மொழியில் வேறு பொருள் இருக்கிறது என்பதற்காக நம் சொல்லைக் கைவிடத் தொடங்கினால் இந்த ஊரில் வாயே திறக்க முடியாது.

இரண்டு வகைக்கும் நிதிக் குத்தகை, இயக்கக் குத்தகை என்று சொல்லுக்குச் சொல் போடுகிறார்கள். இயக்கக் குத்தகை என்று படித்தால் ஓட்டுநரோடு வண்டி வருகிறது என்றுதான் தோன்றுகிறது. கொள்குத்தகை, விடுகுத்தகை என்று வைத்துப் பாருங்கள். முடிவில் காரை நாமே எடுத்துக்கொண்டால் கொள்குத்தகை, விட்டுவிட்டால் விடுகுத்தகை.

அன்புடன்,
அல்சூரிலிருந்து

---

> முடிவில் காரை நாமே எடுத்துக்கொண்டால் கொள்குத்தகை, விட்டுவிட்டால் விடுகுத்தகை.

ஐயா, கொள்குத்தகை அருமை. விடுகுத்தகைதான் உதைக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவர் சொந்தக்காரர். குத்தகைக்கு எடுத்தவரைப் பார்த்து 'விடு' என்றால் குழம்பிப் போவார். திரும்புகுத்தகை என்று வைக்கலாம். வண்டி திரும்பிப் போய்விடும், அவ்வளவுதான்.

வண்டி கடைசியில் யாரிடம் என்பதை வைத்துப் பெயரிட்டீர்களே, அதுதான் சரியான வழி என்று கணக்குத்துறைக்காரியாக நானும் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் நியமம் 116, குத்தகைக்கு எடுப்பவரின் ஏடுகளில் இந்த இரண்டு வகைப் பிரிவையே பெரும்பாலும் எடுத்துவிட்டது. குத்தகைக்குக் கொடுப்பவரின் ஏட்டில்தான் அது இன்னும் இருக்கிறது. ஆக, படிக்கிற குடும்பத்துக்குக் கணக்கியல் பெயரால் ஒரு பயனும் இல்லை.

இனி முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். தம்பியின் பட்டியலில் நான்காவதாக இருக்கிறதே ரெசிடுவல் வேல்யூ, மாதத் தொகையின் சூட்சுமமே அதில்தான். எச்ச மதிப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். புதுக் காரையும் எச்சத்தையும் ஒரே வரியில் வைத்தால், மரத்தடியில் வண்டி நிறுத்துகிற பெங்களூர்க்காரருக்கு வேறு ஞாபகம்தான் வரும். மீதி என்ற எளிய சொல்லே போதும். ஆனால் மீதிமதிப்பா, மீதிவிலையா? இரண்டும் வேண்டும் என்கிறேன், வெவ்வேறு இடத்தில்.

திரும்புகுத்தகையில் நான்கு வருடம் கழித்து இந்த வண்டி என்ன விலைக்குப் போகும் என்று குத்தகை நிறுவனம் ஊகிக்கிறது. ஊகம் தவறினால் நஷ்டம் அவர்களுக்கு. இது மதிப்பு. கொள்குத்தகையில் அதே எண் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, கடைசி மாதம் நம் கையிலிருந்து போக வேண்டிய பணமாகிறது. சந்தையில் அந்தக் கார் அதைவிடக் குறைவாக விற்றாலும் நாம் பேசியதைக் கொடுத்தே தீர வேண்டும். இது விலை. மாதத் தொகை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிட்டு, கடைசியில் வரும் மீதிவிலையைப் பார்க்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

கணக்காகவே காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். மூன்று கார்களுக்கும் ஜிஎஸ்டி நீங்கலாக விலை 10 லட்சம், காலம் 48 மாதம், ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். குத்தகை நிறுவனம் கார் வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக (தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுத்துக்கொள்ளும், அதனால்தான் நீங்கலாக என்றேன். காப்பீடு, பராமரிப்பு, சாலை வரி எதையும் சேர்க்கவில்லை.

முதலாவது, 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன பெட்ரோல் கார். மீதிமதிப்பு 40 விழுக்காடு என்றால் தேய்வது 6 லட்சம், மாதத்துக்கு 12,500 ரூபாய். முதலில் 10 லட்சம், முடிவில் 4 லட்சம் என முடங்கியிருக்கும் பணத்தின் சராசரி 7 லட்சம், அதற்கு மாத வட்டி 5,833. ஆக 18,333.

இரண்டாவது, பெரிய எஸ்யூவி. பழைய வண்டிச் சந்தையில் கேட்பு அதிகம் என்று 45 விழுக்காடு கொடுப்போம். தேய்வு 11,458, வட்டி 6,042, ஆக 17,500. மூன்றாவது மின்கார். மின்கலம் எப்படியிருக்குமோ என்ற பயத்தில் 30 விழுக்காடுதான் கொடுக்கிறார்கள் என்று வைப்போம். தேய்வு 14,583, வட்டி 5,417, ஆக 20,000.

இதுவரை எஸ்யூவிதான் மலிவு, மின்கார் அதிகம். இப்போது வரியைப் போடுங்கள். காருக்கு என்ன ஜிஎஸ்டி விகிதமோ அதுவே அதன் குத்தகைத் தொகைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு 18 விழுக்காடு (4 மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சிசி வரை, டீசல் 1,500 சிசி வரை), அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40, மின்கார்களுக்கு முன்பிருந்த 5. சின்ன கார் 21,633 ஆகிறது. எஸ்யூவி 24,500. மின்கார் 21,000. வரிசையே புரண்டுவிட்டது, பாருங்கள்! உங்கள் நிறுவனம் இந்த ஜிஎஸ்டியை வரவு எடுக்கவும் முடியாது. ஓட்டுநரையும் சேர்த்து 13 இருக்கைக்கு உட்பட்ட பயணிகள் வண்டிக்குச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. எனவே முழுதும் ஊழியரின் தலையில்தான்.

அதனால் என் கோரிக்கை: உங்கள் குறிப்பில் மாதத் தொகையை ஒரே எண்ணாகப் போடாதீர்கள். மாதக் குத்தகை என்று மொத்தத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, அதற்குள் தேய்வுப்பங்கு, வட்டிப்பங்கு, வரிப்பங்கு, பணிப்பங்கு (காப்பீடு, பராமரிப்பு) என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். பள்ளியில் படித்த தேய்மானம் இருக்கும்போது தேய்வு எதற்கு என்று கேட்பீர்கள். தேய்மானம் ஏட்டில் எழுதும் கணக்கு. இது நாம் மாதாமாதம் கொடுக்கும் பணம். கலந்துவிட வேண்டாம்.

கர்நாடக சாலை வரி தனிக் கதை. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு 17 விழுக்காடு, அந்த வரியின்மேல் செஸ் என்று ஒரு கூடுதல் வரி. பெயரே வாழ்நாள் வரி. நாம் நான்கு வருடம் ஓட்டப்போகிற வண்டிக்கு அதன் ஆயுள் முழுக்க உள்ள வரியும் முதலிலேயே கட்டப்பட்டு, மாதக் குத்தகைக்குள் ஏறிவிடுகிறது. மீதிமதிப்பைப் போடும்போது இந்த வரியையும் கணக்கில் எடுத்தீர்களா, காரின் விலையை மட்டும் எடுத்தீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

ஜெயநகரிலிருந்து

---

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலைக்காரன், இப்போது ஃபிரேசர் டவுன்.

எங்கட நாட்டில் ஓட்டோக்காரர் முதல் எல்லாரும் 'லீசிங்' என்றே சொல்லுவினம். அங்கே அது பெரும்பாலும் கொள்குத்தகைதான். தவணை முடிந்தால் வாகனம் எடுத்தவருக்கே. எழுத்தில் நிதிக் குத்தகை என்று போடுவார்கள். அதனால் கொள்குத்தகை என்ற சொல் எங்களுக்கும் உடனே விளங்கும். திரும்புகுத்தகைக்கு மட்டும் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் நல்லது.

இன்னொன்று. மின்கலத்தை மட்டும் தனியாக, கிலோமீட்டர் கணக்கில் எடுக்கும் முறையை என்னவென்று சொல்வது? எம்ஜி வின்ட்ஸர் என்ற மின்கார் 2024 செப்டம்பரில் வந்தபோது மின்கலம் சேர்த்து 13.50 லட்சம், சேர்க்காமல் 9.99 லட்சம், பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றரை ரூபாய் என்றார்கள்.

---

அது குத்தகை இல்லை, வாரம்! ஓடுகிற அளவுக்குத்தானே கொடுக்கிறோம். ஆனால் மின்கல வாரம் என்று எழுதினால் பள்ளிகளில் கொண்டாடத் தொடங்கிவிடுவார்கள். ஓட்ட வாடகை என்று வையுங்கள். வாடகையை வேண்டாம் என்ற நானே இங்கே அதைச் சிபாரிசு செய்கிறேன், ஏனென்றால் இது உண்மையிலேயே வாடகை.

விலை வித்தியாசம் 3.51 லட்சம். மூன்றரை ரூபாயால் வகுத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், அதற்குமேல் ஓட்டுகிறவர்கள் மின்கலத்தோடு வாங்குவதே மேல்.

திரும்புகுத்தகையை ஏற்றுக்கொள்கிறேன்.

அல்சூரிலிருந்து

---

அனைவருக்கும் நன்றி. அக்காவின் கணக்கைப் பார்த்த பிறகு நாங்கள் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறோம். மாடல்களை மாதத் தொகையின் வரிசையில் அடுக்கியிருந்தோம். இப்போது ஒவ்வொரு காருக்கும் பங்குகளைத் தனித்தனியாகக் கேட்டு மனிதவளத் துறைக்கு எழுதியிருக்கிறோம்.

வருமான வரியை ஒரு பத்தியோடு நிறுத்திவிட்டேன். 1962ஆம் ஆண்டு விதிகளில் நெடுங்காலம் இருந்த கணக்கு, அலுவலகத்துக்கும் சொந்தத்துக்கும் சேர்த்து ஓட்டும் வண்டியின் செலவை நிறுவனமே ஏற்றால், 1.6 லிட்டர் எஞ்சின் வரை மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400, ஓட்டுநர் இருந்தால் இன்னும் 900 மட்டும் ஊழியரின் வருமானத்தில் சேரும் என்பது. இந்தத் திட்டங்கள் பரவியதற்குக் காரணமே இந்தச் சிறிய எண்கள்தான். எடுப்பவர்கள் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளவும் என்று குறிப்பு போட்டிருக்கிறேன்.

ஃபோர்குளோஷருக்கு முன்முடிவு என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். முன்முடிவு என்றால் விசாரிக்காமலே தீர்மானித்துவிடுவது, அது சரிப்படாது. இடைமுறிப்புக் கட்டணம் என்று வைத்திருக்கிறேன். வேலை மாறுவது சர்வசாதாரணமான இந்த ஊரில் முதலில் படிக்க வேண்டிய வரி இதுதான் என்பதால் அதை இரண்டாம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். புது நிறுவனம் குத்தகையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளுமா, இல்லையென்றால் எத்தனை மாதத் தொகை கேட்பார்கள் என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

கிலோமீட்டர் உச்சவரம்புக்கு ஓட்ட வரம்பு என்று எழுதினேன். வரம்பைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாகப் பிடிப்பார்கள். மீதிமதிப்பை ஊகித்ததே அந்த வரம்பை வைத்துத்தானாம். ஓட்ட வாடகை, ஓட்ட வரம்பு இரண்டும் ஒரே குறிப்பில் வருவதால் குழப்பம் வருமா என்பது மட்டும் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை அச்செடுக்கிறோம், வியாழன் இரவுக்குள் யாராவது சொல்லுங்கள்.

பெல்லந்தூரிலிருந்து