கலைச்சொல் தேவை: குளிரில் மீன் இரையெடுக்காமல் கிடக்கும் நிலை

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தோட்டக் குளத்தில் தங்கமீனும் கோய்க் கெண்டையும் வளர்ப்பவர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, குளிர்காலத்தில் இரை போடுவது பற்றிய அத்தியாயம் மட்டும் ஒரே சொல்லில் முட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் டார்ப்பர் (torpor). நீர் குளிரக் குளிர மீனின் உடலும் கூடவே குளிர்ந்து, செரிமானம், மூச்சு, நடமாட்டம் எல்லாம் அடங்கி, குளத்தின் அடியில் ஏறக்குறைய அசையாமல் கிடக்குமே, அந்த நிலை.

முதலில் 'குளிர்கால உறக்கம்' என்று போட்டிருந்தேன். குளம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "அப்படியானால் மீன் விழித்திருக்கும்போது இரை போடலாம்தானே?" என்று கேட்டார். கையேடு சொல்வது இதற்கு நேர் எதிர். நீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போய்விட்டால், மீன் மேலே வந்து வாய் திறந்தாலும் போடக் கூடாது. நான் போட்ட சொல்லே மீனைக் கொன்றுவிடும் போலிருக்கிறது. உதவுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

இதற்கு ஏன் புதிதாக ஆக்க வேண்டும்? துஞ்சல் இருக்கிறதே. தூக்கத்தைவிட ஆழம், அசைவின்மை, சோம்பல் எல்லாம் அதில் உண்டு. 'குளிர்த்துஞ்சல்' என்று எழுதுங்கள். ஒற்று மிக வேண்டும், குளிரால் ஆகும் துஞ்சல் என்று வேற்றுமைத் தொகையாக விரியும். ஒற்றில்லாமல் எழுதினால் வினைத்தொகை ஆகி, துஞ்சலே குளிர்கிறது என்று பொருள் போய்விடும்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். துஞ்சுதலுக்குச் சாவு என்ற பொருளும் உண்டு. புறநானூற்றில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் வருகிறாரே, குளமும் முற்றமும் ஒரே பெயரில்! தோட்டக் குளத்தில் மீன் துஞ்சியது என்று எழுதினால் படிப்பவர் வலையை எடுத்துக்கொண்டு ஓடுவார். குறள் 926 'துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்' என்று இரண்டையும் ஒன்றாகவே வைத்துவிடுகிறது.

926 கள்ளுண்பவரைப் பற்றிய குறள் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. பனிக்கட்டி மூடிய குளத்தில் உயிர்வளி தீர்ந்துபோனால், தங்கமீன் தன் உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தைக் கள்ளில் இருக்கும் அதே எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விட்டுவிடும். அதனால்தான் மற்ற மீன் செத்துவிடும் இடத்திலும் அது தாக்குப்பிடிக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இது உறக்கமும் இல்லை, கரடியும் முள்ளெலியும் தூங்கும் குளிர்காலத் துயிலும் இல்லை. மீனுக்கு உடல்சூடு என்று தனியாக எதுவும் கிடையாது, நீரின் வெப்பம்தான் அதன் வெப்பம். நீர் குளிர்ந்தால் செரிமான நொதிகள் மெதுவாகிவிடும். கெண்டை இனத்துக்கு இரைப்பையே இல்லை, தின்றது நேராகக் குடலுக்குப் போகும், குளிர்ந்த குடலில் அது செரிக்காமல் கிடந்து நோயில் கொண்டுபோய் விடும். இந்த ஒன்று வாசகருக்குப் புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அதற்கு நம்மிடம் அன்றாடச் சொல்லே இருக்கிறது: மந்தம். வயிறு மந்தமாக இருக்கிறது என்றால் என்ன செய்வோம்? சாப்பாட்டை நிறுத்துவோம். 'குளிர்மந்தம்' என்று எழுதினால் விளக்கமே தேவையில்லை.

தமிழாசிரியர் எழுதியது:

மந்தம் வடசொல். நோயாளியின் வயிற்றுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும், கலைச்சொல் என்று நிலைக்கப்போவதை நல்ல தமிழில் ஆக்குவோமே. துஞ்சல் வேண்டாமென்றால் மடி, அதாவது சோம்பல். மடியின்மை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 'குளிர்மடி'. குளிர்த்துஞ்சலைவிட உச்சரிப்பில் ஒன்றரை மாத்திரை மிச்சம்.

கடலோரத்து நண்பர் எழுதியது:

ஐயா, மீனைப் பற்றிய நூலில் மடி வேண்டாம். மீன்பிடிப்பவர் பேச்சில் மடி என்பது வலை. கரைமடி, சுருக்குமடி எல்லாம் அன்றாடம் புழங்கும் சொற்கள். குளிர்மடி என்றால் குளிர்காலத்தில் போடும் வலை என்றுதான் என் காதில் விழுகிறது. மடிதல் என்றால் சாவதும் கூட.

சொற்பிறப்பு அன்பர் எழுதியது:

மந்தத்தை வடசொல் என்று இவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பது வருத்தமாக இருக்கிறது. மன் என்ற வேரைப் பாருங்கள். மன்னுதல் என்றால் நிலைபெறுதல். ஆட்கள் நிலைத்துக் கூடும் இடம் மன்று, மாடுகள் நிற்கும் இடம் மந்தை. நிற்பதன் தன்மை மந்தம் என்று ஏன் ஆகியிருக்கக் கூடாது? ஓடாமல் நிற்பதுதானே மெதுவாவதன் எல்லை? மத்து, மந்து என்று மெலிந்த வடிவங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், கடைவதற்கு முன் மத்து தயிரில் நிலையாக நிற்கிறது அல்லவா...

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

அன்பரே, மத்தின் வேலை சுழல்வது. மந்தையும் மன்றும் உறவு என்பதை ஏற்கலாம், அதிலிருந்து மந்தத்துக்குத் தாவ ஒரு பழைய சொல்லாட்சியாவது காட்டுங்கள். அது வடசொல்லாகவே இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. தமிழ் வீடுகளில் எத்தனை தலைமுறையாகக் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவரும் சொல் அது.

குளம் வைத்திருப்பவர் எழுதியது:

வணக்கம். இந்தக் கேள்வியைத் தொடங்கி வைத்த நண்பர் நான்தான். இலக்கணம் எனக்கு எட்டாது, குளத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எந்தச் சொல்லை வைத்தாலும் அதற்குள் 'காலம்' என்பது வரவே கூடாது. குளிர்காலம் என்று எழுதினால் நாட்காட்டியைப் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியது வெப்பமானியை. அதுவும் காற்றில் தொங்குவதை இல்லை, மீன் கிடக்கும் ஆழத்தில் விட்டு எடுத்த வெப்பமானியை. வெயில் அடித்த மதியத்தில் மேல்நீர் வெதுவெதுப்பாகி மீன் எழும்பி வரும், நமக்கும் பாவமாக இருக்கும், ஒரு கை அள்ளிப் போடுவோம். இரவில் நீர் மறுபடி குளிர்ந்துவிடும், தின்றது குடலிலேயே நின்றுவிடும். தின்னாமல் விட்டது அடியில் அழுகி அம்மோனியா ஆகும், அதை மாற்றித் தரும் வடிகட்டி நுண்ணுயிரிகளும் அந்தக் குளிரில் ஓய்ந்துதான் கிடக்கும். நான் முதல் வருடம் இப்படித்தான் போட்டேன். மீன்கள் போய்ச் சேர்ந்தது வசந்தத்தில், அதனால் காரணம் புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அந்த நீர் அடியில் தங்கும், மேலே பனிக்கட்டி கட்டினாலும் ஆழமான குளத்தின் அடியில் மீன் பிழைத்திருக்கும். இலையுதிரும் பருவத்தில் சேர்த்த கொழுப்பே அதற்குப் போதும். பட்டினி போடுகிறோம் என்று நாம் குற்ற உணர்வு கொள்ளாமல் இருக்க, ஒரு சொல் உதவினால் பெரிய உதவி.

இன்னொரு சொல்லும் பாருங்கள். 10 முதல் 15 டிகிரி வரை எளிதில் செரிக்கும் வீட்ஜெர்ம் (கோதுமை மணிக்குள் இருக்கும் கரு) தீனிதான் போடுவது வழக்கம். வரைவில் 'கோதுமை முளைத் தீனி' என்று இருக்கிறது. யாராவது கோதுமையை ஊறவைத்து முளைகட்டிப் போட்டுவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'கோதுமைக் கருத்தீனி' என்று மாற்றிவிட்டேன், நன்றி. கருத்து என்று கண் இடறும் என்பதால் 'கோதுமைக்கருத் தீனி' என்று பிரித்து எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மந்தம் வேண்டாம் என்பது என் கருத்து, காரணம் வடசொல் என்பது இல்லை. மந்தமான பிள்ளை என்று பேர் வாங்கிய குழந்தைகளை முப்பது ஆண்டுகள் வகுப்பில் பார்த்தவள் நான். மந்தம் என்றால் குறை, சரிசெய்ய வேண்டியது. மீனுக்கு அங்கே குறை எதுவும் இல்லை, அது பிழைக்கும் வழியே அதுதான்.

'குளிரொடுக்கம்' என்று வையுங்களேன். குறள் 486 நினைவிருக்கும்: 'ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து'. சண்டைக் கிடாய் பின்வாங்குவது மறுபடி பாயத்தானே. நீர் சூடாகும்போது மீன் எழுந்து வரும் என்ற பொருளும் அந்த ஒடுக்கத்துக்குள் இருக்கிறது. அதிகாரத்தின் பெயரும் காலமறிதல்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

அம்மா, அழகாக இருக்கிறது. மனம் தடுமாறத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் குறளில் ஒடுங்குபவன் காலம் பார்த்துத் தானே ஒடுங்குகிறான். மீன் எதையும் முடிவு செய்வதில்லை, நீர் அதை ஒடுக்குகிறது. அப்புறம் இன்றைய வாசகருக்கு ஒடுக்கம் என்றால் ஒடுக்குமுறைதான் முதலில் நினைவுக்கு வரும். சாப்பாட்டை நிறுத்து என்ற செய்தியும் அதில் இல்லை.

தமிழாசிரியர் எழுதியது:

ஒடுக்கத்துக்கு என் வாக்கு. துஞ்சலை இன்னும் கைவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை வெள்ளி. எண்ணிப் பார்த்ததில் மந்தத்துக்கு நால்வர், ஒடுக்கத்துக்கு இருவர். சொற்பிறப்பு அன்பர் மந்தம் தமிழ்ச்சொல் என்ற நிபந்தனையோடு நால்வரில் சேர்கிறார். கையேட்டில் 'குளிர்மந்தம்' என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் இந்த வரி இருக்கும்: "நீர் 10 டிகிரிக்குக் கீழே குளிரும்போது மீனின் குடலும் உடலும் இயக்கம் குறைந்து கிடக்கும் நிலை, இந்நிலையில் மீன் மேலே வந்தாலும் இரை போட வேண்டாம்." ஆறு பேருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை எழுதியது:

வரி நன்றாக இருக்கிறது, யாருக்கும் புரியும். அந்த வரியிலேயே 'கிடக்கும்' என்பதை 'ஒடுங்கியிருக்கும்' என்று மாற்ற முடியுமா? சொல் மந்தமாகவே இருக்கட்டும், விளக்கத்திலாவது அது எழுந்து வரும் என்று தெரியட்டும். அச்சுக்குப் போயிருந்தால் அடுத்த பதிப்பில் பாருங்கள்.