அனுப்புநர் பெயரில் தமிழும் காற்புள்ளியும்: ஃப்ரம் வரியில் குறியாக்கச் சிக்கல்

கேள்வி:
எங்கள் நூலகத்தின் அறிவிப்பு மின்னஞ்சல்களில் அனுப்புநர் பெயர் "நூலகம், வாசகர் சேவைப் பிரிவு" என்று தெரிய வேண்டும். நிரல் இப்பெயரை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறை) பைட்டுகளாக்கி, 40 பைட்டுக்கு ஒரு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பேஸ்64 முறையில் (பைட்டுகளைச் சாதாரண ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மாற்றும் முறை) குறியாக்கி, காற்புள்ளி இருப்பதால் முழுவதையும் இரட்டை மேற்கோள்குறிக்குள் வைக்கிறது. சில செயலிகளில் சமக்குறியும் கேள்விக்குறியுமாகக் குறியாக்கம் அப்படியே தெரிகிறது. பெயர் சரியாக வருமிடத்திலும் "சேவை" என்பதன் தொடக்கம் சிதைந்திருக்கிறது. எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி 1:
இவை இரு வேறு பிழைகள். 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 2047 என்னும் இணையத் தர ஆவணம், குறியாக்கிய சொல் (இப்படிக் குறியாக்கிய ஒவ்வொரு துண்டும்) மேற்கோள்குறிக்குள் வரலாகாது என்கிறது. சில செயலிகள் பெருந்தன்மையாக அதையும் பிரித்துக் காட்டுகின்றன, விதிப்படி நடப்பவை காட்டுவதில்லை. காற்புள்ளி பேஸ்64-க்குள் மறைந்துவிடுவதால் மேற்கோள்குறியே தேவையில்லை. பெயர் முழுவதும் ஆங்கில எழுத்தாக இருந்து குறியாக்கம் செய்யாதபோதுதான் அது கட்டாயம். இல்லாவிட்டால் காற்புள்ளிக்கு முன்னும் பின்னும் இரண்டு முகவரிகள் என்று கொள்ளப்படும்.

இரண்டாவது பிழை வெட்டுமிடத்தில் உள்ளது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. "சே" என்பது சகரமும் ஏகாரக் குறியுமாக 6 பைட்டு. "நூலகம், வாசகர்" என்பதும் அடுத்த இடைவெளியும் சேர்ந்து 39 பைட்டு ஆவதால், 40-ஆவது பைட்டில் வெட்டும்போது சகரம் பிளக்கிறது. 39-இல் வெட்டுங்கள்; மீதி 37 பைட்டு. குறியாக்கிய பின், முன்னும் பின்னும் வரும் அடையாளக் குறிகளையும் சேர்த்து, இரு துண்டுகளும் தலா 64 எழுத்துகளே, விதியின் உச்சவரம்பு 75. அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம் திரையில் காட்டப்படாது. ஆகவே சொல்லிடைவெளி முதல் துண்டுக்குள்ளேயே குறியாக்கப்பட வேண்டும்.

மறுமொழி 2:
குறியாக்கமே செய்யாமல் யூடிஎஃப்-8 எழுத்துகளை நேரடியாக அனுப்பலாமே? 2012-இன் ஆர்எஃப்சி 6532 அதை அனுமதிக்கிறதல்லவா?

மறுமொழி 3:
அனுமதிக்கிறது, ஆனால் எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்னும் அஞ்சல் நெறிமுறை நீட்டிப்பை வழியிலுள்ள ஒவ்வொரு சேவையகமும் ஏற்றால்தான் அஞ்சல் முறையாகச் சென்று சேரும். பொதுமக்களுக்குச் செல்லும் அறிவிப்புக்கு அந்த நம்பிக்கை போதாது என்பது என் கருத்து. பேஸ்64-க்கு மாற்றான கியூ முறையும் (ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் இரு எழுத்துமாக எழுதுவது) தமிழுக்கு ஊதாரித்தனம்தான், பேஸ்64-இல் 4 எழுத்தில் அடங்கும் குறியீடு அதில் 9 எழுத்தாகிறது. திருத்திய பின் அஞ்சலின் மூல வடிவைத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே குறியாக்கம் நீக்கிப் பாருங்கள். தனியாக நின்றும் பிழையற்ற யூடிஎஃப்-8 ஆக வந்தால் வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.