செம்புக் குடுவை லட்சம் ஆண்டு தாங்குமாம், சொன்னவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்

துருவாசர்:
பக்கத்து இழையில் அணுக்குஞ்சு என்ற அன்பர் போகிற போக்கில் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். அப்படியே தருகிறேன்: "அணுக்கழிவெல்லாம் முடிந்துபோன கதை. ஃபின்லாந்துக்காரன் செம்புக் குடுவையில் அடைத்து 430 மீட்டர் ஆழத்தில் புதைக்கப்போகிறான். லட்சம் ஆண்டுக்கு ஒன்றும் ஆகாது. இன்னும் பயப்படுகிறவர்கள் போய்ப் படித்துவிட்டு வரட்டும்."

படித்துவிட்டுத்தான் ஐயா வந்திருக்கிறேன். பணிக்காலம் முழுக்க அரிப்போடு மல்லுக்கட்டியவன் நான். குழாய், தொட்டி, கொதிகலன் எல்லாம் பார்த்தாயிற்று. "ஒன்றும் ஆகாது" என்று எழுதிக் கொடுத்த உலோகம் பல்லிளிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1986லேயே ஸ்வீடனில் குன்னர் ஹல்ட்குவிஸ்ட் என்ற ஆய்வாளர், ஆக்சிஜனே இல்லாத தூய நீரிலும் செம்பு அரிக்கிறது, ஹைட்ரஜன் வெளிவருகிறது என்று எழுதினார். 2007ல் பீட்டர் சகாலோஸும் அவரும் சேர்ந்து மறுபடியும் சொன்னார்கள். இதற்கு என்ன பதில்? லட்சம் ஆண்டு என்பதை யார் சோதித்துப் பார்த்தது?

அணுக்குஞ்சு:
பெயருக்கேற்ற கோபம். சரி, வந்துவிட்டேன்.

ஹல்ட்குவிஸ்ட் சொன்னதை வேறு ஆய்வகங்களில் திரும்பச் செய்து பார்த்தார்கள். அவர் சொன்ன அளவுக்கு எதுவும் வரவில்லை. அதை மட்டும் நைசாக விட்டுவிட்டீர்கள். அப்புறம், குடுவை என்றால் ஏதோ தகர டப்பா மாதிரிப் பேசுகிறீர்கள். வெளியே 5 செ.மீ. தடிமனில் செம்பு. உள்ளே வார்ப்பிரும்பு. அதற்குள் எரிந்து முடிந்த எரிபொருள் கோல்கள். எரிபொருளோடு சேர்த்தால் ஒரு குடுவை சுமார் 25 டன். சுற்றிலும் பென்டோனைட் களிமண், தண்ணீர் பட்டால் உப்பி இடைவெளியை அடைத்துவிடும். அதற்கும் வெளியே 190 கோடி ஆண்டுப் பாறை. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது.

துருவாசர்:
நான் செம்பைக் கேட்டேன். நீங்கள் களிமண்ணைக் காட்டுகிறீர்கள். "செம்பு தாங்கும்" என்று சொன்னது நீங்கள்தான். செம்பு தாங்குமா தாங்காதா?

அணுக்குஞ்சு:
தாங்கும்.

துருவாசர்:
ஆதாரம்? ஸ்வீடனும் இதே செம்புக் குடுவையில் புதைக்கத்தான் அனுமதி கேட்டது. 2018 ஜனவரியில் அங்கே நில, சுற்றுச்சூழல் நீதிமன்றம் அந்த விண்ணப்பத்தை முழுசாக அலசிவிட்டு, செம்புக் குடுவை பற்றிக் கூடுதல் ஆதாரம் வேண்டும் என்று சொன்னது. மற்றதையெல்லாம் ஓரளவு ஒப்புக்கொண்ட நீதிமன்றம் செம்பில்தான் நின்றது. அவர்களையும் போய்ப் படிக்கச் சொல்வீர்களா?

அணுக்குஞ்சு:
பாதிக் கதை சொல்வதில் உங்களை அடிக்க ஆளில்லை. அதே காலத்தில் ஸ்வீடனின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் சரி என்று பரிந்துரைத்தது. 2022 ஜனவரியில் அரசு அனுமதி கொடுத்தது. 2025 ஜனவரியில் ஃபோர்ஸ்மார்க் என்ற இடத்தில் புதைகுழி கட்டும் வேலையே தொடங்கிவிட்டது.

துருவாசர்:
அரசு கையெழுத்துப் போட்டால் செம்பு அரிக்காதா? அப்படியானால் அரசாணையை ஒரு நகல் எடுத்துக் குடுவைக்குக் குடுவை ஒட்டிவையுங்கள். களிமண் செலவாவது மிச்சம்.

கடைசி பெஞ்ச்:
இவ்வளவு சண்டை எதற்கு? ராக்கெட்டில் ஏற்றிச் சூரியனுக்குள் தள்ளிவிட்டால் தீர்ந்தது.

பாறைமுகம்:
1986ல் சேலஞ்சர் கிளம்பிய 73வது நொடியில் சிதறியது. 1978ல் அணு உலையைச் சுமந்த சோவியத் செயற்கைக்கோள், காஸ்மாஸ் 954, கனடாவின் வடபகுதியில் விழுந்து துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. டன் கணக்கில் கழிவை ராக்கெட்டில் ஏற்றுவதா? அதோடு சூரியனில் விழ வேண்டுமென்றால் பூமி சுற்றும் வேகத்தை, நொடிக்கு 30 கி.மீ.யை, கிட்டத்தட்ட முழுசாகக் கழிக்க வேண்டும். சூரியக் குடும்பத்தை விட்டு வெளியே எறிவதே அதைவிட எளிது.

நிற்க. இருவரும் செம்பைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். பாறையை ஏன் யாரும் பேசவில்லை? காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்தில் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே யுரேனியம் அணுப்பிளவில் இறங்கி, பல லட்சம் ஆண்டுகள் விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. 1972ல்தான் கண்டுபிடித்தார்கள். குடுவை கிடையாது, பொறியாளர் கிடையாது, பாதுகாப்பு ஆணையம் கிடையாது. இருந்தும் அங்கே உண்டான புளூட்டோனியம் பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை.

துருவாசர்:
அருமையான உதாரணம். ஆனால் நமக்குக் கிடைத்தது தப்பிப் பிழைத்த ஒன்று. அதே மாதிரி எரிந்து, நிலத்தடி நீரில் கரைந்து போனவை எத்தனையோ. அவை வந்து சாட்சி சொல்லுமா? சரி, பாறை இருக்கட்டும். செம்பு?

பாறைமுகம்:
செம்புதானே வேண்டும்? இங்கிலாந்தின் டெவன் பகுதியில் லிட்டில்ஹாம் என்ற இடத்தில் சேற்றுப்பாறைக்குள் இயற்கைச் செம்புத் தகடுகள் இருக்கின்றன. 17 கோடி ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே கிடக்கின்றன. போதுமா?

துருவாசர்:
அந்தச் செம்புக்குப் பக்கத்தில் சூடான எரிபொருள் இருந்ததா? கதிர்வீச்சு இருந்ததா? மூடி வைத்து வெல்டிங் செய்திருந்தார்களா?

வானவில்_82:
செம்பை விடுங்கள், "ஒன்றும் ஆகாது" என்ற வார்த்தையை நம்பி ஜெர்மனி பட்டபாடு தெரியாதா? அஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். சில அறைகளில் அடுக்கக்கூட இல்லை, சரிவில் உருட்டிவிட்டார்கள். பீப்பாய் மேல் பீப்பாயாகச் சாய்ந்து கிடக்கும் புகைப்படம் ஒன்று உண்டு, பார்த்தால் தூக்கம் வராது. உப்புச் சுரங்கம், வறண்டது, தண்ணீர் வரவே வராது என்றார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் உப்புநீர் உள்ளே வருகிறது. இப்போது அத்தனையையும் வெளியே எடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள்.

அணுக்குஞ்சு:
அம்மணி, அஸ்ஸேயில் போட்டது குறைந்த, நடுத்தர வகைக் கழிவு. அதுவும் உப்பு வெட்டி எடுத்துக் கைவிட்ட சுரங்கம். இதற்கென்றே பாறையைத் தேர்ந்தெடுத்துக் குடைந்த ஒன்கலோவை, நான் சொன்ன அந்த ஃபின்லாந்துச் சுரங்கத்தை, அதோடு ஒப்பிடுவது நியாயமா? 2004ல் தோண்டத் தொடங்கி, 2015ல்தான் கட்டுமான உரிமம் வாங்கினார்கள். அத்தனை ஆண்டும் அந்தப் பாறையில் எங்கே பிளவு, எங்கே ஈரம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வானவில்_82:
முதலில் என்னை "அம்மணி" என்பதை நிறுத்துங்கள். துருவாசருக்கு "ஐயா"வும் போடுவதில்லை, "அன்பரே"வும் போடுவதில்லை, எனக்கு மட்டும் என்ன தனி மரியாதை?

சரி, இதற்கென்றே குடைந்ததைப் பேசுவோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், 655 மீட்டர் ஆழத்தில், ராணுவப் புளூட்டோனியக் கழிவுக்கென்றே குடைந்தார்கள். 1999ல் திறந்தார்கள். 2014 பிப்ரவரி 14 அன்று ஒரு பீப்பாய் வெடித்துக் கதிரியக்கம் மேலே வரை வந்தது. காரணம் என்ன தெரியுமா? ஈரத்தை உறிஞ்ச, பூனைக் கழிவுக்குப் போடும் துகளைக் கழிவோடு கலப்பார்கள். களிமண் வகைக்குப் பதிலாகத் தானியத்தில் செய்த வகையைக் கலந்துவிட்டார்கள். நைட்ரேட் உப்போடு அது சேர்ந்து சூடாகிவிட்டது. சுரங்கத்துக்குள் கழிவு வைப்பது 2017 ஜனவரி வரை நின்றுபோனது. உங்கள் பாறை என்ன செய்தது?

கடைசி பெஞ்ச்:
ஒரு பூனை கூட இல்லாத சுரங்கத்தைப் பூனை மண் மூடியதா! இந்த இழைக்கு வந்தது வீண்போகவில்லை.

அணுக்குஞ்சு:
அது மேலே ஆய்வகத்தில் நிரப்பும்போது நடந்த தவறு. புதைக்கும் முறையின் தவறு அல்ல.

துருவாசர்:
ஆகா. குடுவையை மட்டும் வானத்திலிருந்து தேவர்கள் நிரப்பித் தருவார்களோ? நிரப்புவதும் மூடுவதும் மனிதன்தான். இதைத்தான் நான் சொல்லவருகிறேன். செம்பை வார்ப்பவன் மனிதன், இழுப்பவன் மனிதன், மூடியைப் பற்றவைப்பவன் மனிதன்.

கடைசி பெஞ்ச்:
ஒரு சந்தேகம். செம்புக் குடத்தை நாலு நாள் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டாலே களிம்பு பிடிக்கிறதே?

அணுக்குஞ்சு:
களிம்புக்குக் காற்று வேண்டும் தம்பி. மூடிய சில காலத்திலேயே கீழே உள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு செம்பைத் தின்னக்கூடியது சல்ஃபைடு மட்டும்தான். அதுவும் களிமண் வழியாக ஊர்ந்து ஊர்ந்துதான் வர வேண்டும். சல்ஃபைடு உண்டாக்கும் நுண்ணுயிர்களும் இறுகிய களிமண்ணுக்குள் பிழைக்க முடியாது.

துருவாசருக்கு ஒரு கணக்கு தருகிறேன். 1676ல் மூழ்கிய குரோனன் என்ற ஸ்வீடன் போர்க்கப்பலின் வெண்கலப் பீரங்கி ஒன்று, கடலடிக் களிமண்ணில் 300 ஆண்டுகளுக்கு மேல் செருகிக்கொண்டு கிடந்தது. அளந்து பார்த்தால் அரிப்பு ஆண்டுக்குச் சுமார் 0.15 மைக்ரோமீட்டர். லட்சம் ஆண்டுக்குப் பெருக்குங்கள்: 15 மில்லிமீட்டர். சுவர் 50 மில்லிமீட்டர். மிச்சம் 35. போய்த் தூங்குங்கள்.

துருவாசர்:
வெண்கலம்! செம்பைக் கேட்டால் வெண்கலத்தைத் தருகிறார். அதில் தகரம் கலந்திருக்கிறது ஐயா.

இரண்டாவது, குளிர்ந்த கடலடியில் கிடந்த பீரங்கியும், களிமண் 100 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்து இடைவெளி கணக்கிட்டு அடுக்கும் குடுவையும் ஒன்றா?

மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் போட்டது சராசரிக் கணக்கு. எந்தக் குழாயும் சராசரியில் ஓட்டையாவதில்லை. ஒரு இடத்தில் குழி விழும், மற்ற இடமெல்லாம் புத்தம் புதுசாக இருக்கும். நான் வெட்டிப் பார்த்த ஒரு குழாயில் முழங்கை நீளத்துக்குப் பளபளப்பு, நடுவில் ஊசி நுழையும் ஓட்டை. அந்த ஆலை நிர்வாகமும் உங்களை மாதிரியே சராசரித் தடிமன் அறிக்கையைத்தான் நீட்டியது. பீரங்கிதான் சாட்சி என்றால், 1628ல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி 1961ல் மேலே வந்த வாசா கப்பலின் அரித்துப்போன செப்புக் காசுகளைச் சகாலோஸ் தரப்பு சாட்சிக்கு இழுத்ததே, அதையும் சொல்லியிருக்கலாமே?

அணுக்குஞ்சு:
காசு கிடந்த தண்ணீரில் இருந்த சல்ஃபைடு வேறு, அந்தத் துறைமுகத்தின் சாக்கடை வேறு. உங்களுக்குப் பிடித்த கப்பல் மட்டும் சாட்சி, எனக்குப் பிடித்த கப்பல் சாட்சி இல்லை. நல்ல நீதி.

துருவாசர்:
துறைமுகச் சாக்கடை என்று இப்போது தெரிகிறது. பீரங்கியைப் பற்றி எழுதியபோது கடலெல்லாம் ஒரே கடலாக இருந்தது. நீங்கள்தானே முன்பு ஒரு இழையில் யுரேனியத்துக்குப் பதிலாகத் "தோரியம் வந்துவிட்டால் கழிவே இருக்காது" என்று எழுதியவர்? தோரியத்திலும் அணுப்பிளவுதான், சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கதிரியக்கக் கழிவு வரத்தான் செய்யும் என்று நான் சொன்னதும் சத்தமில்லாமல் காணாமல் போனீர்கள். மறந்துவிட்டதா?

அணுக்குஞ்சு:
புளூட்டோனியம் குறையும் என்றுதான் எழுதினேன். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 24,100 ஆண்டு, சீசியத்துக்கு 30 ஆண்டு. லட்சம் ஆண்டுத் தலைவலி எதனால் என்று புரிந்தவர்களுக்கு நான் சொன்னது புரிந்தது. நான் காணாமல் போகவில்லை. உங்கள் ஒன்பதாவது பதிலுக்குப் பிறகு படிக்கச் சலித்துவிட்டது.

வானவில்_82:
அந்த இழையில் நானும் இருந்தேன். "கழிவே இருக்காது" என்றுதான் எழுதினீர்கள்.

அணுக்குஞ்சு:
திருத்தியதைப் படியுங்கள்.

துருவாசர்:
எப்போது திருத்தினீர்கள் என்ற நேரமும் கீழேயே இருக்கிறது. நானும் அதைத்தான் படிக்கச் சொல்கிறேன்.

மட்டுறுத்துநர்:
பழைய இழைச் சண்டையை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம். கழிவைப் பற்றி மட்டும் பேசவும்.

பாறைமுகம்:
கழிவைப் பற்றியே கேட்கிறேன். அடுத்த பனியுகம் வந்து, கிலோமீட்டர் கணக்கில் பனிப்பாளம் ஏறி, பிறகு உருகும். சுமை இறங்கியதும் பாறைப் பிளவுகள் சட்டென நழுவக்கூடும். வட ஸ்வீடனில் முன்பு அப்படி நடந்த தடம் தரையிலேயே தெரிகிறது. குடுவை 5 செ.மீ. நழுவலைத் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதைவிட அதிகம் நழுவினால்? இதுதான் எனக்குப் பெரிய கேள்வி. செம்பு இல்லை.

துருவாசர்:
நழுவும்போது நெளிவது எது? செம்பு. குழி விழுந்து மெலிந்த செம்பு எத்தனை நெளிவைத் தாங்கும்? பாருங்கள், எந்தப் பக்கம் சுற்றினாலும் செம்பில்தான் வந்து நிற்கிறது.

அணுக்குஞ்சு:
நெளிவைத் தாங்குவதற்குத்தான் உள்ளே வார்ப்பிரும்பு வைத்திருக்கிறது. முதல் பதிலிலேயே சொன்னேன். படிப்பதே இல்லை. சரி, உங்கள் மாற்று யோசனை என்ன? செம்பு வேண்டாம், பாறை வேண்டாம், களிமண் வேண்டாம். கழிவு இப்போது எங்கே இருக்கிறது? உலைக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் குளத்திலும் கான்கிரீட் கலத்திலும், தரைக்கு மேலே இருக்கிறது. அமெரிக்கா கழிவைப் புதைக்க யுக்கா மலையை 1987ல் தேர்ந்தெடுத்து, 2002ல் ஒப்புதல் கொடுத்து, பிறகு பணத்தை நிறுத்திக் கைகழுவிவிட்டது. மிச்சமெல்லாம் மேலேயே கிடக்கிறது. அது உங்களுக்குப் பாதுகாப்பா?

துருவாசர்:
மேலே இருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஓட்டை விழுந்தால் மாற்றலாம். கீழே வைத்து மூடியபின் யார் போய்ப் பார்ப்பது?

அணுக்குஞ்சு:
லட்சம் ஆண்டுக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். செம்பை நம்பாதவர் அரசாங்கத்தை நம்புகிறார்.

துருவாசர்:
அரசு அனுமதியைக் காட்டி வாதாடியது யார்? நானா?

கடைசி பெஞ்ச்:
அதானே!

அணுக்குஞ்சு:
கடைசி பெஞ்ச், நீங்கள் துருவாசரின் இன்னொரு கணக்கா? அவர் எழுதிய நொடியே கைதட்டு விழுகிறதே.

கடைசி பெஞ்ச்:
நான் சூரியனுக்கு அனுப்பச் சொன்ன ஆள். அவர் மேலேயே வைக்கச் சொல்கிறார். எங்கள் இருவருக்கும் 15 கோடி கி.மீ. இடைவெளி.

துருவாசர்:
மூடியின் வெல்டிங்கைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. சுழலும் கருவியை அழுத்தி, செம்பை உருக்காமலே பிசைந்து இணைக்கிறார்கள். அந்த இணைப்பில் ஆக்சைடு துணுக்கு எப்படி மாட்டும், அது எங்கே வெடிப்பைத் தொடங்கும் என்று இன்றிரவு விளக்கமாக எழுதுகிறேன். நான்கு பகுதியாக வரும்.

அணுக்குஞ்சு:
ஐந்தாவது பகுதியில் அந்தப் பீரங்கிக் கணக்குக்குப் பதில் சொல்லிவிடுங்கள். 50ல் 15 போனால் எவ்வளவு?

துருவாசர்:
வெண்கலம்.

பாறைமுகம்:
5 செ.மீ.க்கு மேல் நழுவினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன்.