கண்ணில் பழுதில்லை என்கிறார்கள், பிள்ளை முகம் பார்ப்பதில்லை

முள்ளியவளையிலிருந்து ஒரு தாய்:
30 கிழமையில் பிறந்த எங்கள் மகனுக்கு இப்போது ஏழு மாதம். கண் வைத்தியர் விழித்திரையில் பழுதில்லை என்றார். மூளை ஸ்கானில் மட்டும் மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளை அடுத்த வெண்பகுதியில் பாதிப்புத் தெரிகிறதாம். மின்விசிறி சுழன்றால் அதையே பார்த்துக்கொண்டிருப்பவன், நான் கிட்டப் போய்க் கதைத்தாலும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வளர வளரச் சரியாகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்பிக் காத்திருக்கலாமா?

விசேட கல்வி ஆசிரியை, வவுனியா:
காத்திருக்க வேண்டாம், தங்கச்சி. கண் நலமாக இருந்தாலும் அது அனுப்புவதை மூளை விளங்கிக்கொள்ளாமற்போவதுண்டு. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது ஒட்சிசன் குறைதல், இரத்தத்தில் சீனி மிகவும் இறங்குதல் ஆகியவை வழமையான காரணங்கள். அசைவது கண்ணில் படுவதும் முகம் படாததும் இப்பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுபவை.

ஒரு பக்கம் கோடுகளும் மறுபக்கம் வெறும் சாம்பல் நிறமும் உள்ள அட்டையைக் காட்டி, கண் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கொண்டே இந்த வயதில் பார்வைக் கூர்மையை மதிப்பிடுகிறார்கள். ஆனால் பயணக் களைப்போடு, கிளினிக்கின் சத்தத்துக்கு நடுவே பிள்ளை காட்டுவது அவனுடைய முழுப் பார்வையன்று. ஆகவே எதை, எந்தப் பக்கத்தில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தான், அப்போது பசியா, நித்திரைத் தூக்கமா என்பதையெல்லாம் கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். வைத்தியருக்கு அது பெரிய உதவி.

வீட்டில் பூப்போட்ட விரிப்பை எடுத்துவிட்டு, வெற்றுக் கறுப்புத் துணியின் முன்னால் சிவப்பு அல்லது மஞ்சள் பொருள் ஒன்றை மட்டும் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். தலைக்கும் முதுகுக்கும் தாங்கல் கொடுங்கள். காட்டும்போது கதைக்காதீர்கள், ஏனென்றால் காது கொடுத்தால் கண் விட்டுவிடும். இத்தகைய பாதிப்பில் கீழ்ப்புறப் பார்வை குறைவதுண்டு என்பதால் பொருளைக் கண் மட்டத்துக்கு உயர்த்திக் காட்டுங்கள்.

கண் பரிசோதகர், கிளிநொச்சி:
துளிமருந்து விட்டுக் கண்ணாடி அளவும் பார்த்தார்களா என்று கேளுங்கள். குறைமாதப் பிள்ளைகளுக்குப் பார்வைப் பிழையும் மாறுகண்ணும் சேர்ந்தே வரலாம், அவற்றைக் கவனிக்காமல் மற்றப் பயிற்சிகளில் மட்டும் மினக்கெடுவது போதாது. இன்னொன்று, நித்திரையால் எழும்பும்போது அடுத்தடுத்துத் திடுக்கிட்டுக் கைகளை விரிப்பான் என்றால் அது வலிப்பாக இருக்கக்கூடும். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாங்குளத்திலிருந்து ஒரு தகப்பன்:
ரோச் லைற்றைக் கண்ணில் அடித்துப் பழக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எங்கள் மகள் கிடுகு வேலியின் ஓட்டைகளால் விழும் வெயிலையே பார்த்தபடி இருப்பாள். வேலிக்கு முதுகு காட்டி இருத்திய பிறகுதான் சாப்பாட்டுக் கரண்டி வருவதைக் கண்டு வாய் திறக்கத் தொடங்கினாள்.